அவருக்குத் தெரியாத சொல்

பாஸ்வேர்டு தவறு என்று மூன்றாவது முறையாகச் சொன்னது லேப்டாப். பிலோமினா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பார்த்து, மகள் ரெனிட்டாவின் பெயரையும் அவள் பிறந்த வருஷத்தையும் மறுபடி அடித்தாள். தவறு. நாலு வருஷமாக இதே சொல்தான். ஒரு கையில் காப்பித் தம்ளரைப் பிடித்துக்கொண்டே மறு கையால் அடித்துவிடுவாள்; விரலுக்கே தெரியும், மூளை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. விரல் மறக்காது. மாவு பிசைவதை விரல் மறக்குமா, ஜெபமாலை உருட்டுவதை மறக்குமா. அப்படியானால் மாறியிருப்பது பெட்டி. பெட்டி தானாக மாறாது, யாரோ மாற்றியிருக்க வேண்டும். இந்த வீட்டில் யாரோ என்று சொல்ல ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவள் கணவர் தைரியநாதன் முன்னறையில், ஜன்னலோரம், பிரம்பு நாற்காலியில் பேப்பரை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு மேஜையிலிருந்து பார்த்தால் பேப்பரின் பின்பக்கமும் அதைப் பிடித்திருக்கும் எட்டு விரல்களும் தெரியும். பத்து நாற்பதுக்கு அவள் வந்து உட்கார்ந்தபோது அந்தப் பின்பக்கத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் இருந்தது. இப்போது பதினொன்று ஐந்து. அதே விளம்பரம். இருபத்தைந்து நிமிஷமாக ஒரு மனுஷன் ஒரே பக்கத்தில் என்ன படிப்பார்? படிக்கவில்லை. பேப்பருக்குப் பின்னால் இருந்துகொண்டு காதாலேயே இவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் பயாலஜி டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு பிலோமினா ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவுக்கு நோயாளிகள் நிரப்பும் படிவங்களைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறாள். இந்தத் தடவை வந்திருப்பது அறுபது வயது கடந்தவர்களுக்கான ஞாபகப் பரிசோதனைப் படிவம். இரண்டு மணிக்கு அங்கே டாக்டர்கள் கூட்டம், அதில் இது ஒப்புதலுக்குப் போகிறது, தவறவிட்டால் அடுத்த கூட்டம் இரண்டு மாதம் கழித்து. நேற்றே இருபத்தொரு கேள்விகளை முடித்துவிட்டாள். இன்று என்ன தேதி, என்ன கிழமை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரவும். நான் சொல்லும் மூன்று பொருட்களை ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லவும். கடைசிக் கேள்விதான் பாக்கி. அது நோயாளியிடம் கேட்பதில்லை, கூட வந்தவரிடம் கேட்பது. இவர் குடும்பத்தினர்மீது காரணமின்றிச் சந்தேகம் கொள்கிறாரா? ஆம், இல்லை, சில நேரங்களில். சந்தேகம் கொள்கிறாரா என்பதா, சந்தேகப்படுகிறாரா என்பதா என்று நேற்று சாயங்காலம் யோசித்துக்கொண்டே மூடிவைத்தாள். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு என்ன சொல்வது? மேடம், அந்த ஞாபகப் பரிசோதனைப் படிவம் இருக்கே, அதைத் திறக்கிற சொல் எனக்கு மறந்துபோச்சு. அந்தப் பெண் சிரிக்கமாட்டாள். சிரித்தால்கூடப் பரவாயில்லை. பரவாயில்லம்மா, நீங்க ரெஸ்ட் எடுங்க என்று சொல்வாள், அந்த மெதுவான குரலில். அடுத்த படிவம் வேறு யாருக்காவது போகும். ஏன் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இன்று என்ன தேதி? சரியாக இதே கேள்வியை அவர் போன வாரம் கேட்டார். சாதாரணமாகக் கேட்பது மாதிரிதான் கேட்டார். நேர் எதிரே சுவரில் கோயில் காலண்டர் தொங்குகிறது, உள்ளங்கை அகலத்துக்கு நம்பர், அதன் முன்னால் நின்றுகொண்டு, "பிலோ, இன்னிக்கு என்ன தேதி?" பன்னிரண்டு என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். சரி என்று எதற்குத் தலையாட்ட வேண்டும், பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி? அதற்கு முன்னால் மாத்திரை அட்டையை நீட்டி, "இதுல என்ன போட்டிருக்கு, கொஞ்சம் படி." அதற்கும் முன்னால் கரண்டு ஆபீஸிலிருந்து வந்த தாள். படிக்கத் தெரிகிறதா, படித்ததைச் சொல்லத் தெரிகிறதா. அப்புறம் அந்தப் பார்வை. முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் பண்ணிய மனுஷன், பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசுவார், சண்டையில்கூட. சில மாதங்களாகக் கண்ணைப் பார்ப்பதே இல்லை. அவள் காதைப் பார்க்கிறார், அல்லது தோளுக்கு மேலே எங்கேயோ. மனசில் ஒன்றை வைத்திருப்பவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். காப்பியடித்த பிள்ளைகள் அப்படித்தான் நிற்கும், எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள். பெங்களூரிலிருந்து மகள் ரெனி போன் பண்ணினால் மாடிப்படிக்குப் போய்விடுகிறார். இவள் துணி எடுக்கிற சாக்கில் போனால் சத்தம் நின்றுவிடுகிறது. "சரிம்மா, அம்மா வர்றா, வச்சிடுறேன்." அம்மா வருவதற்கும் போனை வைப்பதற்கும் என்ன சம்பந்தம்? இதெல்லாம் போகட்டும், அந்த வியாழக்கிழமைக்கு என்ன சொல்வது? ஓய்வு பெற்றவர்கள் சங்கத்தில் கூட்டம் என்று காலையில் சட்டை மாற்றிக்கொண்டு போனவர் மத்தியானம் மூன்று மணிக்கு வந்தார். ஞாயிறு பூசை முடிந்து வாசலில் சங்கச் செயலாளரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள், கூட்டம் எப்படிப் போச்சு என்று பிலோமினா கேட்டதற்கு, எந்தக் கூட்டம் என்றாள். ரெண்டு மாசமா கூட்டமே போடலியேக்கா. அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பிலோமினா ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் ஏன் பேசவில்லை என்று கேட்கவில்லை.

எங்கே போயிருப்பார்? வேறொருத்தி என்று அவளுக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை, அந்த வயசும் இல்லை, அவருக்கு அவ்வளவு சாமர்த்தியமும் இல்லை. டாக்டரைப் பார்க்கப் போயிருப்பார். இவளுக்காக. என் மனைவிக்கு இப்படி இப்படியெல்லாம் இருக்கு டாக்டர், அவகிட்ட சொல்லாம எப்படிக் கூட்டிட்டு வர்றது? அதைத்தான் ரெனியிடம் மாடிப்படியில் பேசுகிறார். இருவரும் சேர்ந்து முடிவு எடுத்திருப்பார்கள். லேப்டாப்பைப் பூட்டிவைத்தது அதற்குத்தான். அம்மா தப்புத் தப்பாக எதையாவது எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மானம் போவதற்கு முன்னால். இப்படி எண்ணிக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள். அம்மாவும் இப்படித்தான் ஆரம்பித்தாள். திண்டுக்கல்லில் தம்பி வீட்டில், அம்மாவுக்கு எழுபது வயசு இருக்கும், முதலில் மறந்தது பேர்களையோ தேதியையோ இல்லை. முதலில் வந்தது சந்தேகம். வளையலைக் காணோம், உன் பெண்டாட்டிதான் எடுத்தாள் என்று தம்பியிடம் சொன்னாள். வளையல் அரிசி டின்னில் கிடந்தது. அடுத்த வாரம், பாலில் என்னமோ கலக்கிறார்கள். அதற்கு அடுத்த மாதம், நான் தூங்கினதும் என் பெட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். அம்மா அதைச் சொல்லும்போது எவ்வளவு நிதானமாகச் சொல்வாள், எவ்வளவு சாட்சி வைத்துச் சொல்வாள்! நேத்து பூட்டு இந்தப் பக்கம் திரும்பியிருந்துச்சு, இன்னிக்கு அந்தப் பக்கம் திரும்பியிருக்கு பாரு. கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் இருக்கும். அவர் தலையாட்டியது, காதைப் பார்ப்பது, போனை வைப்பது, விளம்பரம் மாறாதது என்று இவளும் சாட்சிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். காரணமின்றிச் சந்தேகம் கொள்கிறாரா? காரணமின்றி என்று எழுதியிருக்கிறார்களே, காரணம் உண்டா இல்லையா என்பதை யார் பார்த்துச் சொல்வது? அவர் நிஜமாகவே மறைக்கிறார் என்றால் இவள் புத்தி நேராக இருக்கிறது. அவர் எதையும் மறைக்கவில்லை என்றால் புத்தி கோணிவிட்டது. கட்டின புருஷன் துரோகம் செய்திருக்க வேண்டும் என்று ஒருத்தி மனதார வேண்டிக்கொள்வாளா? இவள் வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

"என்னாச்சு பிலோ?" பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. பேப்பர் இறங்கவில்லை. "ஒண்ணுமில்ல. நெட்டு மெதுவா இருக்கு." "நெட்டா? பாஸ்வேர்டு எடுக்கலியோன்னு நெனச்சேன்." பிலோமினாவின் கை விசைகளின் மேல் அப்படியே நின்றது. "எப்படி நெனச்சீங்க?" "ஒரே மாதிரி தட்டுற, ஒரு அடி பலமா அடிக்கிற, அப்புறம் சத்தமே இல்ல. திரும்பவும் அதே மாதிரி. அஞ்சு தடவை ஆச்சு." அஞ்சு தடவை. எண்ணியிருக்கிறார். இவள் நாலு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எது சரி? மூன்று, பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒன்று, பிறகு? பிறகு ஒன்று அடித்தாளா? "உங்க வேலையைப் பாருங்க" என்றாள். "பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார் அவர். பேப்பர் லேசாக ஆடியது. அந்த நகை விளம்பரத்துப் பெண்ணின் முகம் மடிந்து நிமிர்ந்தது.

புதன்கிழமை. அந்தச் சொல் எங்கிருந்து வந்து விழுந்தது என்று தெரியவில்லை, ஆனால் விழுந்ததும் பிலோமினா விசைகளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். புதன்கிழமை காலை காந்தி மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்து, காய்ப் பையை அப்படியே வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். எழுத்தெல்லாம் பூதம் மாதிரி நின்றது. ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம். நாலு வார்த்தைதான் திரையில் பிடித்தது, மீதியெல்லாம் வெளியே போய்விட்டது. யாரோ உள்ளே புகுந்து எதையோ நோண்டியிருக்கிறார்கள். மூடிவைத்த பெட்டி சூடாக இருந்தது. அவர் குளியலறையில் இருந்தார், தேவையில்லாமல் நிறையத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது அந்தச் சோதனைதான். ஒரு மாதத்துக்கு முன்னால், படிவம் முதலில் வந்தபோது, வேலைக்கு என்று சொல்லிக்கொண்டு அந்தக் கேள்விகளைத் தனக்குத் தானே போட்டுப் பார்த்து, மார்க் போட்டு, ஒரு கோப்பில் வைத்திருந்தாள். முப்பதுக்கு இருபத்தைந்து. இருபத்தாறு இருந்தால் பயமில்லை என்று அதிலேயே போட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டாரா? பார்க்கத்தான் திறந்தாரா? அப்போதே, நின்றபடியே, எழுத்துகளைச் சின்னதாக்கிவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றினாள். ஆமாம். மாற்றியது நான். நானேதான். அவர் கிட்டேகூட வரவில்லை. பிலோமினா மூச்சை விட்டாள், ஒரு விநாடி லேசாகக்கூட இருந்தது, உடனே அந்த லேசு போய்விட்டது. அரை மணி நேரமாக அவரைக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருக்கிறாள், செய்தது அவளே. செய்ததை மறந்துவிட்டாள். அரிசி டின்னில் வளையலை வைத்தது யாராம்?

சரி, அது போகட்டும், என்ன சொல் வைத்தோம்? அது மட்டும் வரவில்லை. வைத்தபோது இருந்த எண்ணம் ஞாபகம் இருக்கிறது: அவருக்குத் தெரியாத ஒன்று. பிறந்த நாள் கூடாது, ரெனி கூடாது, கல்யாணத் தேதி, வளர்த்த நாய்க்குட்டி, முதல் வீட்டு நம்பர் எதுவும் கூடாது, எல்லாம் அவருக்குத் தெரியும். தெரியாதது என்ன என்று அன்றைக்கு உடனே ஒன்று கிடைத்திருக்கிறது. ஒரு நிமிஷத்தில் கிடைத்தது இன்றைக்கு எங்கே ஒளிந்துகொண்டது? பிலோமினா தன் வாழ்க்கைக்குள் போய் அவர் கைபடாத ஒரு மூலையைத் தேடினாள். ரெனிக்கு முன்னால் நாலு மாதத்தில் போய்விட்ட பிள்ளைக்கு மனசுக்குள் ஒரு பேர் வைத்திருந்தாள். அதை ஒருநாள் அழுகையில் சொல்லிவிட்டாள், அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பட்டப்பேர் கொக்கு. நீள நீளமாகக் காலை வைத்து நடப்பாள் என்று. அதைச் சொன்னதில்லை, வெட்கமாக இருந்தது. கொக்கு என்று அடித்தாள். தவறு. கொக்கு மிஸ். தவறு. டீச்சர் டிரெயினிங் ஹாஸ்டலில் அறை எண் பதினேழு, அதன் ஜன்னலுக்கு வெளியே புங்க மரம். தவறு. அவர் முதன்முதலாக வாங்கித் தந்த பச்சைப் புடவை அவளுக்குப் பிடிக்கவே இல்லை, இருபது வருஷம் பிடித்த மாதிரிக் கட்டினாள். அதற்கு ஒரு சொல் உண்டா? விரல் அவளைக் கேட்காமல் ஒரு பேரைத் தட்ட ஆரம்பித்தது. சார்லஸ். பிராக்டிகல் வகுப்புக்கு வந்த மாஸ்டர், ஒரே ஒரு கடிதம் எழுதினார், அவள் அதைப் படித்துவிட்டு ஹாஸ்டல் அடுப்பில் போட்டாள், அவ்வளவுதான் கதை. கல்யாணத்துக்கு இரண்டு வருஷத்துக்கு முந்தினது. ஏன் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை என்று அவளுக்கே தெரியாது. அடித்து முடித்துவிட்டு, அழுத்துவதற்கு முன்னால் முன்னறையைப் பார்த்தாள். இதுவாக இருந்துவிடக் கூடாது என்று நினைத்தாள். ஐந்து நாளாக இந்தப் பேரைச் சொல்லிக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன் என்றால், அவர் பக்கத்து அறையில் இருக்கும்போது? அழுத்தினாள். தவறு. அப்பாடா என்றிருந்தது. அதோடு, நிறைய முறை தவறாக அடித்துவிட்டீர்கள், இனி முயல வேண்டாம் என்று ஒரு செய்தி வந்து, கீழே சின்ன எழுத்தில், பாஸ்வேர்டு மறந்துவிட்டதா என்று கேட்டது. அதைத் தொட்டாள். முப்பத்தேழில் முடியும் எண்ணுக்கு ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறோம். முப்பத்தேழில் முடிவது அவருடைய எண். லேப்டாப் வாங்கிய அன்று எல்லாம் அவர்தான் போட்டுக் கொடுத்தார்.

முன்னறையில் அவர் போன் டொக்கென்று ஒரு சத்தம் போட்டது. மணி பன்னிரண்டேகால். "என்னங்க." "ம்." "உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். ஆறு நம்பர். படிச்சுச் சொல்லுங்க." பேப்பர் மடிகிற ஓசை. அவர் எழுந்து வந்து மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றார். போனைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, சுவரைப் பார்த்தார். ஏன் சுவரைப் பார்க்கிறார்? "நீ வேணா வாங்கிப் பாரேன்" என்றார். "படிச்சுச் சொல்றதுக்கு என்ன? கை ரெண்டும் இங்க இருக்கு." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாலு. ஒண்ணு. மூணு. மூணு... ஏழு. ரெண்டு." அடித்தாள். எண் தவறு. "சரியாப் பார்த்துச் சொல்லுங்க." "நாலு, ஒண்ணு, எட்டு, மூணு, ஒண்ணு, ரெண்டு." தவறு. வேறொன்று அனுப்பச் சொன்னாள். போன் மறுபடி டொக்கென்றது. இந்த முறை அவர் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். தலை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது, கோழி பார்ப்பதுபோல. "ஒம்போது. சைபர். இல்ல, ஆறு." வேண்டுமென்றே செய்கிறார். ஆறு எண்ணை மாற்றி மாற்றிச் சொல்லி, இவளை உள்ளே விடாமல், இவள் கத்துகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்து, ராத்திரி ரெனிக்குப் போன் பண்ணிச் சொல்வார், இன்னிக்கு உங்கம்மா என்ன செஞ்சா தெரியுமா என்று. "இங்க கொடுங்க" என்று எழுந்துபோய் போனைப் பிடுங்கினாள்.

போன் திரையில் ஆறு எண்களும் ஒரே வரியில் அடங்கவில்லை. ஒவ்வொரு எண்ணும் ஒரு தீப்பெட்டி அளவு. நாலு ஒரு வரியில், ரெண்டு அடுத்த வரியில். பன்னிரண்டடி தூரத்திலிருந்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வாசித்துவிடும். பிலோமினா அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் அவள் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது என்ன நம்பர்?" என்று போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் தலையைச் சாய்த்தார். "என்னங்க, இது என்ன நம்பர்?" "நடுவுல தெரியல பிலோ." "என்ன தெரியல?" "எதை நேராப் பார்த்தாலும் அங்க ஒரு கறை. ஈரத்துல கட்டைவிரல் வச்ச மாதிரி. சுத்தி இருக்கிறதெல்லாம் தெரியுது. பார்க்கிற இடம் மட்டும் இல்ல." சொல்லிவிட்டு நாற்காலியைத் தடவாமல், சரியாக இழுத்து உட்கார்ந்தார். அதை அவர் எத்தனை நாள் பழகியிருப்பார். "எப்போலேர்ந்து?" "ஈஸ்டருக்கு முன்னாடி." இப்போது அக்டோபர். ரயில்வே சிக்னல் டிபார்ட்மென்டில் அவருக்கு முப்பத்திரண்டு வருஷம். ஒவ்வொரு தடவை ரயில்வே ஆஸ்பத்திரியில் கண் பரிசோதனை முடிந்து வந்ததும், ஏ-ஒன் கண்ணு, ஒரு கிலோமீட்டருக்கு அந்தால சிவப்பா பச்சையான்னு சொல்லுவேன் என்று வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார். "என்கிட்ட ஏன் சொல்லல?" "உனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்." "எனக்கா?" "சங்கத்துக் கூட்டம்னு பொய் சொல்லி கண்ணு டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமை நீ வழியெல்லாம் பேசல. சரி, கண்டுபிடிச்சிட்டா, வாய்விட்டுக் கேக்கமாட்டேங்குறான்னு நெனச்சேன். அப்புறம் புதன்கிழமை நீ குளிச்சிட்டு வர்றதுக்குள்ள..." "குளிச்சது நீங்க. நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன்." "ஆமா, மார்க்கெட். ரிப்போர்ட்டு மெயில்ல வந்துச்சு. லேப்டாப்புல எழுத்தைப் பெருசாக்கிப் படிச்சேன். பாதி படிக்கிறதுக்குள்ள வாசல் கேட் தொறக்கிற சத்தம் கேட்டுச்சு, மெயிலை மூடிட்டேன், எழுத்தைச் சின்னதாக்க நேரமில்ல. இன்னிக்குக் காலைல நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி தொறந்தா எடுக்கல. பாஸ்வேர்டு மாத்தியிருக்கா, அப்ப ரிப்போர்ட்டையும் பார்த்துட்டா, நான் பார்க்கக் கூடாதுன்னு பூட்டிட்டா, அப்ப ரொம்ப மோசமா இருக்கும்போலன்னு..."

இத்தனை நாளாக அவரும் அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்து சாட்சிகளை அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். பிலோமினாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கூடவே கோபமும். தேதி கேட்டதும் மாத்திரை அட்டையை நீட்டியதும் இதற்குத்தானா? நான் என்னைப் பற்றி என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்! "நீங்க என்னை டெஸ்ட் பண்றீங்கன்னு நெனச்சேன்" என்றாள். "எதுக்கு?" "எங்கம்மா மாதிரி ஆயிட்டேனான்னு." அவர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார், அதாவது அவள் தோளுக்கு மேலே பார்த்தார். "உனக்கா? தொண்ணூத்தாறுல உன் தம்பி வீட்டு விசேஷத்துல நான் என்ன சொன்னேன்னு வார்த்தை மாறாம இப்பவும் சொல்லிச் சண்டை போடுற. உனக்கு மறதியா?" "பாஸ்வேர்டு மறந்துபோச்சு." "மாத்தினதுக்கப்புறம் இத்தனை நாளா எப்படித் தொறந்த?" எப்படித் திறந்தாள்? அந்தச் சொல்லை அடிக்கவே இல்லை. புதன்கிழமை மாற்றிய பிறகு லேப்டாப்பை அவள் அணைக்கவே இல்லை, பூட்டு விழாத மாதிரி வைத்திருந்து மூடித் திறந்து வேலை பார்த்தாள். நேற்று ராத்திரி கரண்டு போய் சார்ஜ் இறங்கி அதுவாக அணைந்திருக்கிறது. ஒரே ஒரு முறை, கோபத்தில், நின்றபடியே அடித்த சொல். அது யாருக்கும்தான் மனசில் நிற்காது. நிற்காதுதானே? இருபத்தைந்து மார்க் என்பது அவளுக்குள் இன்னும் இருந்தது, போகவில்லை. ஆனால் அதை இன்றைக்கே எடுத்து வைக்க முடியாது.

கடைசியாக வந்த ஆறு எண்ணை அவளே பார்த்து அடித்தாள். புதிய சொல் கேட்டது. யோசிக்காமல் பழையபடி ரெனியின் பெயரையும் வருஷத்தையும் போட்டாள், பழைய சொல்லை மீண்டும் வைக்கக் கூடாது என்றது, கடைசியில் ஒரு எண்ணைச் சேர்த்தாள், ஏற்றுக்கொண்டது. படிவம் விட்ட இடத்திலேயே நின்றது. சந்தேகப்படுகிறாரா என்று போட்டு, இரண்டாவது தடவை படித்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். பன்னிரண்டு ஐம்பது. "போச்சா?" என்றார். "போச்சு." "அப்ப அந்த ரிப்போர்ட்டு. மீதிப் பாதி." "மாடிப்படியில பேசுனீங்களே, ரெனி படிச்சுச் சொல்லலியா?" "சொன்னா. எல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா, ஊசி போட்டா சரியாயிடும்னு சொன்னா. ரொம்ப வேகமா சொன்னா. எதையோ விட்டுட்டான்னு பட்டுச்சு. அதான் நானே பார்க்கலாம்னு." பிலோமினா மெயிலில் அந்த ரிப்போர்ட்டைத் திறந்தாள். நாலு பக்கம் ஆங்கிலம். முதல் இரண்டு பக்கம் அளவுகள், படங்கள், அவர் படித்தது. மூன்றாம் பக்கத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனாள், வேலை செய்கிற வேகத்தில். வலது கண்ணில் கசிவு இருக்கிறது. மாதம் ஒரு ஊசி, ஆறு மாதம். இடது கண்ணில் வடு. அடுத்த வரிக்குக் கண் போனது, நாக்கு அதைத் தாண்டி அதற்கும் அடுத்த வரிக்குப் போய்விட்டது. உணவில் கீரை சேர்த்துக்கொள்ள வேண்டும். "ஒரு வரி விட்டுட்ட" என்றார் அவர். "இல்லியே." "மூச்சு நின்னுச்சு உனக்கு."

விட்ட வரியில் இருந்த ஆங்கிலச் சொல்லுக்கு அவள் நூறு படிவத்தில் மீளாத என்று எழுதியிருக்கிறாள். மீளாத பாதிப்பு. ஒரு தடவைகூட அந்தச் சொல்லை யார் முகத்தையும் பார்த்துச் சொன்னதில்லை. "இடது கண்ணு பார்வை திரும்ப வராதாம்" என்றாள். தெருவில் யாரோ பழைய இரும்பு கேட்டுக்கொண்டு போனார்கள், அந்தக் குரல் வளைவு திரும்பி மறைகிற வரைக்கும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "வலது?" "வலதுல, இருக்கிறதைக் காப்பாத்தலாம்னு போட்டிருக்கு. ஊசியை விடாமப் போட்டா." "போட்டிருக்கா, நீயா சொல்றியா?" "போட்டிருக்கு." "பிலோ." "சத்தியமா போட்டிருக்குங்க." "எங்க, காட்டு." அவள் எழுத்தைப் பெரிதாக்கினாள், அந்த வரி மட்டும் திரை முழுக்க நிற்கிற வரைக்கும் பெரிதாக்கினாள். பிறகு அவருடைய சுட்டுவிரலைப் பிடித்து அதன் முதல் எழுத்தின் மேல் வைத்தாள். அவர் முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தபடி, விரலை எழுத்து எழுத்தாக நகர்த்தினார். அவள் அவர் கையை விடவில்லை, வாயையும் திறக்கவில்லை. அவர் அதை அவராகவே படித்து முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.